இடக்கைக்குக் குளிராத ஐஸ்

திருகோணமலை மீன்பிடித் துறையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், யாருடைய ஐஸ் கடைசி நாள் வரைக்கும் கரையாமல் கிடக்கிறது என்று. என் பெயரைத்தான் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினான்கு வயதில் ஐஸ் பார் என்கிற பெரிய கட்டிகளைச் சுமக்கத் தொடங்கியவன் நான். ஈரச் சாக்கை நாலாக மடித்துப் பிடரியில் போட்டு, அதன்மேல் பாரை ஏற்றி, படகுக்குப் போட்ட ஒற்றைப் பலகையில் மற்றவர்கள் நடப்பார்கள். நான் ஓடுவேன். இன்றைக்கு இரண்டு ஐஸ் கொம்பனி, நாலு லொறி. யாரும் தூக்கித் தரவில்லை. எல்லாம் இந்தக் கழுத்தால் தூக்கியது.

இப்போது சொல்ல வந்ததும் அந்தக் கழுத்தைப் பற்றித்தான். நான் சொல்லச் சொல்ல என் மனைவி பூமணி எழுதுகிறாள். அவள் பத்தாம் வகுப்பு. எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், தராசு பார்க்கத் தெரியும், ஆளைப் பார்த்தே எடை சொல்லத் தெரியும். அதற்குமேல் தேவையில்லை என்று அறுபத்தெட்டு வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

தலையிடி தொடங்கி மூன்று வருடம். வலது பக்கப் பிடரியில், மயிர் முடிகிற இடத்தில், யாரோ பெருவிரலால் அமத்துவதுபோல வரும். அங்கிருந்து மண்டையின் பின்புறமாக ஏறி, காதுக்கு மேலால் போய், வலது கண்ணுக்குப் பின்னால் குந்திக்கொள்ளும். குந்தினால் எழும்பாது. முதல் வருடம் மாதத்தில் இரண்டு தரம் வந்தது. பிறகு கிழமையில் இரண்டு தரம். கடைசியில், மாதத்தில் தலையிடி இல்லாத நாட்களை விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதுமாக இருந்தது.

குளிசை போட்டேன், எண்ணெய் பூசினேன், துண்டில் ஐஸை முடிந்து தலையில் கட்டினேன்.

"ஊருக்கு வித்தது போக மிஞ்சினது உங்கட மண்டைக்கோ?" என்று பூமணி கேட்பாள். கேட்டுவிட்டு, கரைந்த துண்டைப் பிழிந்து புதிதாக முடிந்து வைப்பவளும் அவள்தான்.

ஒரு நாள் கொம்பனியின் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அடுக்கியிருந்த ஐஸ் பாரில் நெற்றியை வைத்து அழுதேன். வேலையாட்களுக்குக் கேட்கக்கூடாது என்று மெசின் ஓடும் நேரம் பார்த்து அழுதேன். இந்தத் தலையை யாராவது கழற்றி எடுத்துக்கொண்டால் மிச்ச உடம்போடு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வேன் என்று நினைத்தேன். அப்படி நினைக்கிற ஆளில்லை நான்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னிடம் ஐஸ் எடுக்க வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள்; நான் வரிசையில் இருந்து பழகாதவன். நம்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பலகை வாங்கில் இருந்தபோது, பக்கத்தில் இருந்த கிண்ணியாக்காரர் ஒருவர், "என்ன முதலாளி, நீங்களுமோ?" என்றார். கால் விரலில் ஒரு சின்னக் காயம் என்று சொன்னேன். தலையிடிக்கு வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் விட்டு ஸ்கான் எடுத்தார்கள். பாண் வெட்டுவதுபோல மூளையைத் துண்டு துண்டாகக் காட்டுகிற படம் அது; கட்டி இருந்தால் தெரியும், இரத்தம் கசிந்திருந்தால் தெரியும். முடிவு வர ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் எந்த லொறி யாருக்கு என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டொக்டர், "ஒன்றும் இல்லை" என்றார். பூமணி பிள்ளையார் கோயிலுக்கு ஓடினாள். எனக்கு அப்போதுதான் பயம் கூடியது. கட்டி என்றால் வெட்டி எடுக்கலாம். இல்லாத ஒன்றை எங்கே வெட்டுவது?

பிறகு கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல் கழுத்து மூட்டுகள் தேய்ந்து இறுகியிருப்பதால் அங்கிருந்து தலைக்கு வலி ஏறலாம் என்று சொல்லிப் பயிற்சி செய்கிற பகுதிக்கு அனுப்பினார்கள். இரண்டு தரம் போனேன். ஐஸ் பார் சுமந்த கழுத்தைப் பிடித்து, குழந்தைப் பிள்ளைக்குப்போல மெல்ல ஆட்டச் சொன்னார்கள். மூன்றாம் தரம் போகவில்லை.

ஒரு படகுக்காரர்தான் உப்புவெளியில் இருக்கும் பெண்ணைப் பற்றிச் சொன்னார். இடுப்பை நிமிர்த்தவிடாத அவருடைய நாரிப்பிடிப்பை அவள் மாற்றியிருந்தாள். "கைரோ ஏதோ எண்டு சொல்லுறவை, அண்ணை," என்றார். எனக்குக் கைரேகை என்று கேட்டது. இவ்வளவு செய்தோம், இதையும் பார்ப்போம் என்று போய்க் கதிரையில் இருந்து, இரண்டு கையையும் விரித்து நீட்டினேன்.

அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கையை வைச்சிருங்கோ ஐயா. கழுத்தைக் காட்டுங்கோ," என்றாள்.

பெயர் நிரோஜி. தம்பலகாமத்து நெல்லுக்காரர் ஒருவருடைய மகள். வெளிநாட்டில் படித்து வந்து, விருந்தினர் விடுதிகள் இருக்கிற ஒழுங்கையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, கைரோபிராக்டர் என்று பலகை போட்டிருந்தாள். முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் தடவிப் பார்த்து, கையாலேயே இளக்குகிற தொழில். மருந்து இல்லை, ஊசி இல்லை.

முதலில் ஒரு படிவத்தைத் தந்தாள். இரண்டு பக்கமும் சின்ன எழுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஓம், இல்லை என்று இரண்டு பெட்டி. ஓம் எது, இல்லை எது என்று எனக்குத் தெரியும். மற்றது தெரியாது. நான் கண்ணாடியைப் போட்டு, வாசிக்கிற ஆள்போல விரலை ஓட்டி, எல்லாவற்றுக்கும் இல்லை என்று கோடு போட்டேன். நோய் கேட்கிற காகிதம்தானே, இல்லை என்றால் பலமுள்ள ஆள் என்று தெரியட்டும் என்று.

அவள் வாயாலும் கேட்டாள். "வேற எங்கயும் கழுத்துக்கு வைத்தியம் செய்யிறனீங்களோ, ஐயா?"

"சீச்சீ. இந்தக் கழுத்தில இதுவரைக்கும் ஒருத்தன் கை வைச்சதில்லைப் பிள்ளை."

நான் பொய் சொன்னதாக நினைக்கவேண்டாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் தவத்தின் சலூனில் சவரம் செய்துகொள்வேன். தவம் என்னோடு ஐஸ் சுமந்தவன், நாரி பிடித்த பிறகு சலூன் திறந்தவன். சவரம் முடிந்து முகத்தைத் துடைத்ததும் ஒரு கையைத் தாடைக்குக் கீழே நாடியில் கொடுத்து, மற்றக் கையைத் தலையின் பின்னால் வைத்து, இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று, கடக் கடக் என்று நெட்டி எடுத்துவிடுவான். தேத்தண்ணியோடு சீனி வருவதுபோல அது சவரத்தோடு வருவது. அதை வைத்தியம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நிரோஜி பிரஷர் பார்த்தாள், கண்ணுக்கு டோர்ச் அடித்தாள், கோட்டில் நடக்கவிட்டாள். பிறகு இரண்டு விரலால் பிடரியைத் தடவிக்கொண்டு போய், ஓர் இடத்தில் அமத்தினாள். கண்ணுக்குப் பின்னால் குந்தியிருந்த அதே வலி, அவள் விரலுக்கு எழும்பி வந்தது.

"அதுதான்! அதுதான் பிள்ளை!" என்று கத்திவிட்டேன். மூன்று வருடத்தில் என் வலியைத் தொட்டுக் காட்டிய முதல் ஆள் அவள்.

"உங்கட தலையில பிழையில்லை ஐயா. கழுத்து மூட்டில பிழை. கழுத்து நரம்பும் தலை நரம்பும் மேல போய் ஒண்டாச் சேருறதால, கழுத்து நோவைத் தலை தன்ர நோவெண்டு நினைக்குது. ஆனா நான் உங்கட கழுத்தைச் சடாரெண்டு திருப்ப மாட்டன்."

"ஏன்? நான் தாங்குவன்."

"நீங்கள் தாங்குவியள். கழுத்தெலும்புக்குள்ளால மூளைக்கு ரெண்டு இரத்தக் குழாய் ஏறிப்போகுது. உங்கட வயசுக்கும் பிரஷருக்கும் அது தாங்காட்டி?"

மெல்லப் பிடித்து, மெல்ல விட்டாள். அவள் விரல் வைத்த இடம் ஐஸ் கரைகிற வேகத்தில்தான் இளகும். வீட்டில் செய்ய ஒரு பயிற்சி தந்தாள்: நிமிர்ந்து இருந்து, நாடியை உள்ளுக்கு இழுத்து, ஐந்து வரைக்கும் எண்ணி விடுவது. நாலாம் தரம் போய்வந்த கிழமை, ஐந்து நாள் தலையிடி இல்லை. அன்று மத்தியானம் கறியில் உப்பில்லை என்று சத்தம் போட்டேன். பூமணி குசினிக்குள் இருந்து, "அப்பாடா, மனுசனுக்குச் சுகம் வந்திட்டுது," என்றாள். அவள் அழுதுகொண்டு சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் கிழமை இடி திரும்பி வந்தது. இரண்டு நாள் விடவில்லை. நிரோஜியிடம் போனேன்.

"ஏற்ற இறக்கம் இருக்குமெண்டு சொன்னனான்தானே ஐயா. முழுசா மாத்துவன் எண்டு நான் சொல்லேல்லை."

"எல்லாம் சரி. ஒருக்காலும் சத்தம் வரேல்லையே பிள்ளை?"

"சத்தத்துக்கும் சுகத்துக்கும் சம்பந்தமில்லை ஐயா."

எனக்கு அது பிடிக்கவில்லை. மெசின் ஓடினால் சத்தம் வரும், ஐஸ் உடைந்தால் சத்தம் வரும். சத்தமில்லாத வேலையை நான் வேலையென்று எண்ணியதில்லை. அடுத்த நாள் சனிக்கிழமை. தவத்தின் கதிரையில் போய் இருந்தேன். அவன் நாடியில் கையைக் கொடுத்துவிட்டு நிறுத்தினான்.

"மச்சான், கல்லுமாதிரி இறுகிக் கிடக்கு. இண்டைக்கு வேண்டாமே?"

"அந்தப் பிள்ளைக்குச் சத்தம் எடுக்கத் தெரியாது. நீ எடடா. றோட்டில போறவனுக்குக் கேக்கவேணும்."

இடப் பக்கம் வந்தது. வலப் பக்கம் வரவில்லை. இன்னொருக்கா என்றேன். வரவில்லை. "உனக்கும் வயசு போட்டுது," என்று கிண்டல் செய்தேன். மூன்றாம் தரம் வந்தது. கழுத்துக்குள் ஒரு நூல் அறுந்ததுபோலச் சுளீரென்றது. அது முந்தி இருந்த வலி இல்லை, வேறு வலி. நான் சிரித்துக்கொண்டு எழும்பிப் போனேன்.

ஞாயிறு காலை கொம்பனியில் ஐஸ் அரைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்றேன். நிலம் படகுபோல ஒரு பக்கம் சரிந்தது. குமட்டிச் சத்தி எடுத்தேன். விழாமல் இருக்க ஐஸ் பாரில் இடக்கையை ஊன்றினேன். குளிரவில்லை. கை வழுக்கியது, ஈரம் தெரிந்தது, குளிர் மட்டும் இல்லை. மரப்பலகையில் கை வைத்ததுபோல இருந்தது.

"இதென்ன ஐஸடா இது? ஆர் போட்டது?" என்று கத்தினேன். ஐஸ் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வலக்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தது. ஒரே பார், ஒரு பக்கம் ஐஸ், ஒரு பக்கம் பலகை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஐஸ் பிடித்த கை அது. அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது, நான் சாகப்போகிறேன் என்று.

ஆஸ்பத்திரி வாட்டில் கண் விழித்தபோது மூக்கில் குழாய். எச்சில் விழுங்க முடியவில்லை. குரல் போய்விட்டது, கதைத்தால் காற்றுத்தான் வந்தது. முகத்தின் வலது பக்கம் விறைப்பு, உடம்பின் இடது பக்கத்துக்குச் சூடும் குளிரும் தெரியாது. மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கான் எடுத்துவிட்டு டொக்டர் விளக்கினார். கழுத்தின் பின்னால் ஏறுகிற வலது இரத்தக் குழாயின் உட்தோல் கிழிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் கட்டிபட்டு, அதில் ஒரு துணுக்குப் போய் மூளையின் அடித்தண்டை அடைத்திருக்கிறது. இன்னொரு துணுக்குப் போகாமல் இரத்தத்தை இளக்குகிற மருந்து கொடுக்கிறார்கள். தலையைத் திருப்பக்கூடாது. திருப்பினால் எதுவும் நடக்கலாம்.

"சில வேளை இது தன்பாட்டிலயும் கிழியும்," என்றார். "கழுத்தை ஆரும் திருப்பினவையோ?"

என் மகன் ரூபன் முந்திக்கொண்டான். "ஓம் டொக்டர். உப்புவெளியில ஒருத்தி. அஞ்சு தரம் போனவர்."

டொக்டர் என் பக்கம் குனிந்தார். "அவவோ ஐயா? கதைக்க ஏலாட்டிக் கண்ணை மூடித் திறவுங்கோ."

கண்ணை மூடினேன். எனக்குத் தெரியும், அந்த மூன்றாம் சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது. அவள் செய்தாள் என்றால் நான் ஏமாந்துபோன நோயாளி. எல்லாரும் பாவம் என்பார்கள். சலூன் கதிரையில் அடம்பிடித்து, கூட்டாளியைக் கிண்டல் செய்து, என் கழுத்தை நானே கிழிப்பித்தேன் என்றால்? துறைமுகம் முழுக்கச் சிரிக்கும். நான் கண்ணைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தேன். அதற்குள் அவர் எழுதிவிட்டார்.

அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்வது? பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தண்ணீர் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். தாகம் என்றால் என்னவென்று அப்போதுதான் அறிந்தேன். பூமணி ஈரப் பஞ்சால் என் உதட்டைத் தொடுவாள். தெர்மஸில் நம்முடைய ஐஸையே கொண்டுவந்து ஒவ்வொரு நாளும் என் இடது உள்ளங்கையில் ஒரு துண்டை வைப்பாள். "தெரியுதே?" என்பாள். இல்லை என்று கையை அசைப்பேன். அது கரையும்வரை வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் துடைப்பாள். ரூபன் பெரிய உடம்பை அந்தச் சின்னக் கதிரையில் மடக்கிக்கொண்டு, ஸ்கான் உறையால் எனக்கு விசிறுவான். லொறிக்காரரை அதட்டுகிறவன், என் கால் நகத்தை வெட்டிவிட்டான்.

அவன்தான் புதன்கிழமை இரண்டு ட்ரைவர்மாரோடு உப்புவெளிக்குப் போய் அவளுடைய பலகையைக் கழற்றி லொறியில் போட்டுக்கொண்டு வந்தான். அவளுக்கு அறையை வாடகைக்குக் கொடுத்தவன் பயந்துபோய் அறையை விடச் சொல்லிவிட்டான். அடுத்த நாள் ரூபன் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தான்.

வெள்ளி காலை என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னான்: "நாளைக்குப் பின்னேரம் பொலிஸ் வந்து உங்களிட்டக் கேக்கும் அப்பா. நீங்கள் ஒண்டும் கதைக்கவேண்டாம். தலையாட்டினாக் காணும்."

"டொக்டர் தலையை ஆட்டவேண்டாமெண்டவர்," என்றாள் பூமணி.

நான் ஆட்டினால் அந்தப் பிள்ளையின் தொழில் முடிந்தது. வழக்கு, கோர்ட்டு, பேப்பர். தம்பலகாமத்தில் அவளுடைய தகப்பன் தலை நிமிர்த்த மாட்டான். ஆட்டாவிட்டால் என்ன சொல்வது?

அன்று நோயாளிகளைப் பார்க்கிற நேரத்துக்கு நிரோஜியே வந்தாள். ரூபன் வெளியில் போயிருந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"ஏன் வந்தனீ? செய்தது காணாதே?" என்று பூமணி எழும்பினாள்.

"அம்மா, நான் ஐயாவின்ர கழுத்தைத் திருப்பவேயில்லை. அவரிட்டயே கேளுங்கோ." என்னைப் பார்த்தாள். "எப்பிடித் தொடங்கினது ஐயா? முதல் நாள் என்ன நடந்தது? டொக்டருக்கு அது தெரியவேணும். உங்கட உயிருக்குத்தான் கேக்கிறன்."

இரண்டு பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

நிரோஜி, நான் கோடு போட்ட அந்தப் படிவத்தை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பூமணி அதை எடுத்து மெல்ல வாசித்தாள். "கழுத்தைத் திருப்பும் சிகிச்சை வேறெங்கும் பெறுகிறீர்களா?" என் கோடு இல்லையில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று உலகத்தில் அவளுக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் காகிதத்தையும், பிறகு ஆறு நாள் தாடி வளர்ந்திருந்த என் முகத்தையும் பார்த்தாள். படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை காலை தவம் சவரப் பெட்டியோடு வந்து நின்றான். பூமணிதான் கூப்பிட்டிருந்தாள். பொலிஸுக்கு முன்னால் தாடியோடு கிடக்கவேண்டாம் என்று சொன்னாளாம். (இந்த இடத்தில் அவள் பேனாவை நிறுத்திவிட்டாள். வேணுமெண்டுதான் கூப்பிட்டனியோ என்று கேட்டேன். "எழுதுறதைச் சொல்லுங்கோ," என்கிறாள்.)

ரூபன் பக்கத்தில் நின்றான். நேர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டுத் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். தவம் என்னைப் பார்த்து அழுதான். அழுதுகொண்டே நுரை போட்டான். "ஐஸ் பாரோட ஓடின மனுசன்," என்று ரூபனுக்குச் சொன்னான். விறைத்துப்போன வலது கன்னத்தில் கத்தி போவது எனக்குத் தெரியவில்லை. வழித்த நுரையை அவன் துண்டில் துடைப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. முடித்தான். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்தான்.

துடைத்த கை அப்படியே நாடிக்குக் கீழே வந்தது. மற்றக் கை தலைக்குப் பின்னால் போனது.

அவன் நினைத்துச் செய்யவில்லை. துடைத்த பிறகு கை அங்கேதான் போகும், முப்பது வருடம் போன கை. அந்தக் கைகள் இறுகுவதற்கு முன்னால் வருகிற அந்த ஒரு சின்ன இளக்கம் எனக்குத் தெரியும்.

"விடடா!"

ஆறு நாள் இல்லாத குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கிழிந்த குரல். ஆனால் வாட்டின் அந்தக் கோடிக்கும் கேட்டது.

"விடடா தவம்! நீ எடுத்ததிலதான்டா கிழிஞ்சது!"

தண்ணீர்க் கிண்ணம் விழுந்து உருண்டது. தவம் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

"நானோ? நானோ மச்சான்?"

"நீ வேண்டாமெண்டனீ. நான்தான் எடுக்கச் சொன்னனான். மூண்டு தரம்." அதற்குமேல் காற்றுத்தான் வந்தது. அந்தக் காற்றால் சொன்னேன்: "அந்தப் பிள்ளை திருப்பேல்லை. ஒருக்காலும் திருப்பேல்லை."

தவம் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டான். ரூபன் என்னைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் அவவின்ர பலகையைக் கழட்டினனான் அப்பா," என்றான். "அவ கதவுக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டிருந்தவ. நான் கழட்டினனான்."

நான் நியாயத்துக்காக உண்மையைச் சொன்னேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. சாவுக்குப் பயந்து சொன்னேன். தவத்தின் கை என் நாடிக்கு வராவிட்டால் பின்னேரம் நான் என்ன செய்திருப்பேன்? தெரியும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

பின்னேரம் பொலிஸ் வந்தது. சொன்னேன், பூமணி பக்கத்தில் இருந்து திருப்பிச் சொன்னாள். டொக்டர் தன் எழுத்தை வெட்டிப் புதிதாக எழுதினார். முறைப்பாட்டை ரூபன் திரும்பப் பெற்றுக்கொண்டான். ஆனால் உப்புவெளி அறைக்கு அதற்கிடையில் வேறு ஆள் வந்துவிட்டார். கழுத்தை முறிக்கிறவள் என்று ஒரு கிழமையில் பரவிய கதையைத் திருப்பி எடுக்க என்னிடம் உள்ள லொறி எதுவும் போதாது.

இரண்டு மாதம் கழித்து, பொல்லை ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, ரூபனோடு லொறியில் தம்பலகாமம் போனேன். பலகை பின்னால் கிடந்தது. அவளுடைய தகப்பன் முற்றத்தில் நெல் காயவிட்டுக்கொண்டிருந்தார். வாங்கோ என்று சொல்லவில்லை. நெல்லில் கால் படாமல் சுற்றிப் போங்கோ என்று கையைக் காட்டினார். ரூபன் பலகையை இறக்கி விறாந்தையில் சாத்திவிட்டு வெளியிலேயே நின்றான்.

நிரோஜி கதிரை போட்டாள். உள்ளே போய் ஒரு கட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். பழைய படிவம்தான், கீழே கையால் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தது. நான் கண்ணாடியை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். பிறகு எடுக்கவில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது பிள்ளை. அண்டைக்கும் தெரியாது."

முற்றத்தில் தகப்பனின் கால் நெல்லைக் கிண்டுகிற சத்தம் நின்றது. நான் யாருக்கும் சொல்லாத சொல் அது.

அவள் படிவத்தை வாங்கி வாசித்தாள். "சலூனில நெட்டி எடுக்கிறனீங்களோ?"

"எடுத்தனான்."

ஓம் என்ற பெட்டியில் அவள் ஒரு கோடு போட்டாள். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்தாள். வலக்கையில் பொல்லு இருந்ததால் நான் இடக்கையை நீட்டினேன். அவள் கோப்பையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"அந்தக் கையில இல்லை ஐயா. கொதிச்சாலும் தெரியாது." பொல்லைத் தான் வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, கோப்பையை வலக்கையில் தந்தாள்.

தலையிடி திரும்பி வந்துவிட்டது என்று சொன்னேன். கிழமையில் மூன்று நாள், அதே இடம், அதே கண். ஒருக்கால் பாக்கமாட்டீங்களோ என்று கேட்டேன். நான் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

"ஏலாது ஐயா. இனி உங்கட கழுத்தில நான் கை வைக்க ஏலாது. எந்தக் கைரோவும் வைக்கக்கூடாது." வெறும் கோப்பையை வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாடியை உள்ளுக்கு இழுக்கிறது மட்டும், டொக்டர் ஓம் எண்டாச் செய்யுங்கோ."

டொக்டர் ஓம் என்றார். காலையில் கண்ணாடிக்கு முன்னால் இருந்து செய்கிறேன். பூமணி ஐஸ் துண்டை இடக்கையில் வைப்பாள், இன்னும் தெரியவில்லை. நிமிர்ந்து, நாடியை உள்ளுக்கு இழுத்து, ஐந்து வரை எண்ணி, விடுகிறேன். சத்தம் ஒன்றும் வருவதில்லை.